நெடியில்லாத விஷவாயு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஞாயிறு பதிப்பில் கார்பன் மோனாக்சைடு பற்றி வந்த கட்டுரை தேவையான ஒன்று. ஆனால் 'வாசனையற்ற வாயு' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு மேலே போய்விட்டார் கட்டுரையாளர். எங்கள் பெஸ்தாரி ஜெயாவில் (பழைய ஆட்களுக்கு இன்றைக்கும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) வாசனை என்றால் மல்லிகை, ஊதுவத்தி, தாளிப்பு. வாசனையற்றது என்று படித்தால் யாருக்கும் பயம் வராது. தோட்டத்து ரப்பர் பால் ஸ்டோரில் அம்மோனியா ஊற்றியவர்களுக்கும் ஆசிட் கலந்தவர்களுக்கும் ஆபத்து என்றால் நெடி. கண்ணில் நீர் கொட்டும், ஆள் தானாக விலகி ஓடுவார். 'நெடியில்லாத விஷவாயு' என்று எழுதியிருந்தால் எல்லோருக்கும் சுருக்கென்று உறைத்திருக்கும்.

"கேஸ் கசிந்தால் நாறுகிறதே, அதுபோல இதுவும் தெரியாதா?" என்று கேட்பவர்கள் இங்கே நிறையப் பேர். கேஸ் தோம்பில் (சிலிண்டரில்) இருக்கும் புரொப்பேன், பியூட்டேன் இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றே எத்தில் மெர்காப்டன் போன்ற ஒன்றைத் துளியளவு சேர்க்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சஸில் நியூ லண்டன் என்ற ஊரில், 1937-இல், பள்ளிக்கூடத்துக்கு அடியில் வாடையில்லாத எரிவாயு கசிந்து தேங்கி வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் போய்விட்டார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். எரிவாயுவில் நாற்றம் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது அதற்கப்புறம்தான்.

கார்பன் மோனாக்சைடில் யார் நாற்றம் சேர்ப்பது? அது ஓடும் இன்ஜினிலும் கரியடுப்பிலும் தானாக உண்டாவது. இரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று படுத்துவிடுவோம். பெருநாள் நேரத்தில் ஊருக்குப் போகிறவர்கள் ஏர்கானுக்காக, நிறுத்திய காரில் இன்ஜினை ஓடவிட்டே தூங்குகிறார்கள். திருவிழாவில் மழைக்குப் பயந்து ஜெனரேட்டரைக் கொட்டகைக்குள் இழுத்து வைக்கிறோம். புகைவாடை வந்தால்தானே பயப்பட வேண்டும் என்ற நினைப்பு!

செம்பனை ஆலைக் கழிவுக்குட்டையைக் கட்டுரை தொடவே இல்லை. அங்கே வரும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டையாக நாறும், தோட்டத்துப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடும். ஆனால் காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்ற அளவை எட்டினால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் நின்றதுபோல் இருக்கும். மூடிய தொட்டிக்குள் இறங்குகிறவர், "நாத்தம் போயிருச்சு, இறங்கலாம்" என்று நினைத்தால் கதை முடிந்தது. வாயு அங்கேதான் இருக்கிறது, முன்னைவிட அதிகமாக. இதைப் போய் 'வாடையற்ற' என்று எழுதினால் தப்பு. வாடை தெரியாமல் போவது வேறு சங்கதி, அதற்குத் தனியாக நாலு வரி வேண்டும்.

ஜெனரேட்டர் விஷயத்தையாவது ஆடித் திருவிழாக்களுக்கு முன்பு ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். கோயில் கமிட்டிக்காரர்கள் உங்கள் பத்திரிகையைத்தான் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்