மாயூரத்தில் போட்ட முடிச்சு

எங்கள் தெருக்காரர்களுக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆவணியோடு எங்களுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. மயூரநாதர் கோயில் அபயாம்பிகை சந்நிதியில் மாலை மாற்றிக்கொண்டு, வீட்டில் சாப்பாடு போட்டோம். வந்த கூட்டத்தில் யாரிடமும் நின்று நாலு வார்த்தை பேச முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

எங்கள் 1975 கல்யாணப் பத்திரிகையை மகன் தேடி எடுத்துக் கூடத்தில் மாட்டியிருந்தான், பார்த்திருப்பீர்கள். அதில் 'தஞ்சாவூர் ஜில்லா, மாயூரம்' என்று இருக்கும். 1982இல் ஊர்ப் பெயர் மயிலாடுதுறை ஆனது. 1991இல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போனோம். 2020இல் மயிலாடுதுறையே தனி மாவட்டமானது. நாங்கள் வீடு மாறவே இல்லை, விலாசம்தான் மாறிக்கொண்டே வந்தது. ஆனால் நான் இன்னும் மாயவரம் என்றுதான் சொல்கிறேன். அவரும் அப்படித்தான்.

2023 ஜனவரியில் அவருக்குப் பக்கவாதம் வந்த ராத்திரி, முதல் கூப்பாட்டுக்கே கதவைத் திறந்த ஆட்டோ தம்பிக்கு என்ன சொல்வேன்? நீங்கள் தூக்கிக்கொண்டு ஓடியதால்தான் இன்றைக்கு இதை எழுதுகிறேன். அதுவரை பேங்க், மருந்து, கரண்ட் பில் எல்லாம் அவர் பொறுப்பு. அறுபத்தெட்டு வயதில் ஏடிஎம்மில் பணம் எடுக்கக் கற்றுக்கொண்டேன். எதிர்வீட்டு டீச்சர், நாலு தடவை கூடவே வந்து நின்றீர்களே, மறக்கமாட்டேன்.

கல்யாணமான மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் காலை டிகாஷன் அவர் கையால்தான். வலது கை விழுந்தபின் அது நின்றுபோனது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. பிசியோதெரபிக்கு வந்த பெண், "தாத்தாவுக்கு என்ன வேலை பிடிக்கும்?" என்று கேட்டாள். சொன்னேன். மறுநாள் பந்தை ஓரமாக வைத்துவிட்டு ஃபில்டரை அவர் கையில் கொடுத்தாள். ஃபில்டரின் மேல் பாத்திரத்தைக் கீழ்ப் பாத்திரத்தில் பொருத்த மூன்று மாதம் பிடித்தது. இப்போது இடது கையால் வெந்நீர் ஊற்றுகிறார், தூள் கொஞ்சம் மேடையில் சிந்தும். டிகாஷன் அதே திக்காக இறங்குகிறது. நீ நன்றாக இருக்கணும் கண்ணு.

அப்புறம் என் கூறைப்புடவை. பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டு நெய்தது, மடிப்பு மடிப்பாக விட்டுப்போயிருந்தது. கூறைநாட்டுப் பெரியவர் அதே அரக்கு நிறத்தில் நூல் தேடிப் பிடித்து, இழை இழையாகக் கோத்துக் கொடுத்தார். கூலி கேட்டதற்கு, "கூறைக்குப் போய் வாங்குவேனா அம்மா" என்றுவிட்டார். அன்றைக்கு அதைத்தான் கட்டியிருந்தேன்.

சமையல் பார்த்தவர்கள், நாயனக்காரர்கள், நாற்காலி தூக்கிய பிள்ளைகள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒருவரைத் தனியாகச் சொல்லவேண்டும். 1975இல் அவர் முதல் முடிச்சுப் போட, மற்ற இரண்டையும் போட்டவர் என் நாத்தனார். எண்பத்தொரு வயதில், முட்டிவலியோடு திருச்சியிலிருந்து வந்திருந்தார். மாலை மாற்றும்போது என் வீட்டுக்காரர் கை தோள் வரைதான் உயர்ந்தது. நான் குனியப் போனேன். "நீ குனியாதே" என்று என்னை அதட்டிவிட்டு, "நீ தூக்குடா தம்பி, நான் பிடிச்சுக்கறேன்" என்று பின்னால் நின்று தம்பியின் முழங்கையைத் தாங்கினார். மாலை என் கழுத்தில் விழுந்தது. அண்ணி, அன்றைக்கும் என் பின்னால் இப்படித்தான் நின்றீர்கள்.

ஐப்பசி கடைசி நாள் நீராடும் கடைமுழுக்குக்கு வருஷம் தவறாமல் இருவரும் காவிரிக்குப் போவோம். போன இரண்டு வருஷமும் ஆட்டோ தம்பி குடத்தில் கொண்டுவந்த தண்ணீரை வீட்டிலேயே தலையில் ஊற்றிக்கொண்டோம். இந்த வருஷம் தானே படி இறங்குவேன் என்கிறார். தம்பி, விடிகாலை நாலரைக்கெல்லாம் வந்துவிடு. டிகாஷன் தயாராக இருக்கும்.