மரபணு என்றால் பரம்பரையா?

சிங்கப்பூரில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

என் தாய்மாமாவுக்குக் கன்னத்தின் உட்புறம் வந்த கட்டியை எடுத்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. நாக்கின் ஓரத்தில் இன்னொன்று வந்தது. கழுத்தில் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவியிருந்தது. இம்முறை கட்டித் துண்டை மரபணுச் சோதனைக்கும் அனுப்பினார்கள். முடிவு சொன்ன அன்று, "மரபணுவில் மாற்றம் இருக்கிறது" என்பது மட்டும் தமிழில் வந்தது. மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் ஓடி முடிந்தது.

அங்கிருந்து தேக்காவுக்கு வந்து காபி சொன்னோம். "அப்படியென்றால் பிள்ளைகளுக்கும் வருமா?" என்று அத்தை கேட்டார். மாமா மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அவள் முன்னால் இருந்த காபியில் ஆடை படிந்தது. அவள் அதைத் தொடவே இல்லை.

மரபணு என்ற சொல்லுக்குள்ளேயே மரபு இருக்கிறது. சொல்பவருக்கு அது ஓர் அறிவியல் சொல்; கேட்பவர் காதில் பரம்பரை என்றே விழும். அந்த மாற்றம் இருந்த மரபணு டிபி53. சேதமடைந்த உயிரணு பெருகாமல் தடுக்கும் காவலாளி அது. மாமாவின் வாய்த்தோலில் உள்ள தட்டை உயிரணுக்களில், பல ஆண்டு சிகரெட்டாலும் பாக்காலும் அது பழுதாகியிருந்தது. இரத்த மாதிரியில் அந்த மாற்றம் இல்லை என்று அதே அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தது. பிள்ளைகளுக்குப் போகும் மாற்றம் அன்று அது. ஃபான்கோனி இரத்தசோகை போன்ற அரிய பிறவி நோய்கள் உள்ள குடும்பங்களின் கதை வேறு. எங்களுக்கு அந்த ஒரு வரியைப் படித்துக்காட்டியிருந்தால் அவள் மூன்று வாரம் தூங்காமல் இருந்திருக்க மாட்டாள்.

இரண்டாவது கட்டி வந்ததற்கு அத்தை அறுவை மருத்துவரைக் குறை சொன்னார், எதையோ விட்டுவிட்டார் என்று. வாய்ப்புற்றைச் சுற்றி, பார்வைக்கு நலமாகத் தோன்றும் தோலிலும் மாறிய உயிரணுக்கள் பரந்திருக்கும் என்பதை 1953இலேயே ஸ்லாட்டர் என்ற மருத்துவரின் குழுவினர் எழுதிவிட்டார்கள். ஒரு செடியைப் பிடுங்கினாலும் பாத்தி முழுக்கக் களை விதை கிடப்பது போன்ற நிலை. இதைச் சொன்ன பிறகுதான் அத்தையின் கோபம் தணிந்தது. மாமா புகையிலையை விட்டபோது பாக்கை மட்டும் வைத்துக்கொண்டார், அது தாம்பூலம்தானே என்று. புகையிலை இல்லாத பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவையின் 2004ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. எங்கள் வீட்டில் அது யாருக்கும் தெரியாது.

எதிர்ப்பாற்றல் சிகிச்சைக்கான ஊசி பற்றிப் பேசியபோது, "உடம்பே ஓய்ந்துவிட்டது, எதைத் தூண்டப் போகிறார்கள்?" என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. கட்டி என்பது கெட்ட உயிரணுக்கள் மட்டுமே சேர்ந்த உருண்டை அன்று. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, 18 பேரின் தலை, கழுத்துக் கட்டிகளிலிருந்து ஏறத்தாழ 6,000 உயிரணுக்களைத் தனித்தனியாகப் படித்தது. அவற்றில் புற்று உயிரணுக்களோடு நார்த்திசு உயிரணுக்களும், இரத்தக்குழாய் உயிரணுக்களும், உடலின் காவல்படையான டி உயிரணுக்களும் இருந்தன. கட்டியின் விளிம்பில் இருந்த சில புற்று உயிரணுக்கள் இடம்பெயரும் குணத்தைப் பாதி பெற்றிருந்தன. அந்த ஊசி, கட்டிக்குள் கட்டுண்டு நிற்கும் டி உயிரணுக்களின் கட்டை அவிழ்க்கப் பார்க்கிறது. இவ்வளவுதான் மாமாவுக்குத் தேவைப்பட்டது. மறுநாளே சம்மதித்தார்.

தொண்டைப் பகுதியில், பெரும்பாலும் பாலுறவு வழியாகப் பரவும் எச்பிவி கிருமியால் வரும் புற்று உயிரணுவளவில் வேறு வகை. அதில் கிருமியின் புரதம் காவலாளியை அழித்துவிடுகிறது; அந்தப் புற்று பொதுவாகச் சிகிச்சைக்கும் நன்றாக இணங்குகிறது. அந்தக் கிருமியின் தடத்தைக் காட்டும் பி16 சோதனை எதற்கு என்று சொல்லாமல் விட்டால் குடும்பங்களில் வீண் சந்தேகம் கிளம்பும்.

நான் கேட்பது ஒரு பக்கத் தாள். நோயாளியின் அறிக்கையோடு தமிழில் அதைக் கொடுங்கள். பரம்பரையா இல்லையா என்பது முதல் வரியில் இருக்கட்டும். "மரபணு மாற்றம்" என்று மொட்டையாகச் சொல்லாமல் "கட்டிக்குள் ஏற்பட்ட மாற்றம்" என்று சொல்லுங்கள். தங்குவிடுதியில் இருக்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளி அந்தத் தாளைப் படம் பிடித்து ஊரில் இருக்கும் மனைவிக்கு அனுப்ப முடியும்.

மாமாவின் அடுத்த சந்திப்பு மாதக் கடைசியில். அத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஏழு கேள்விகளை எழுதிவைத்திருக்கிறார், எல்லாம் தமிழில்.

அன்புடன்,
ஒரு நோயாளியின் மருமகள்