ஐஸ் அரங்கத்திலிருந்து அண்ணனுக்கு

ஒன்டாரியோ, கனடா
19.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீங்கள், மதினி, பிள்ளைகள், அம்மா எல்லோரும் நலம்தானே? பொங்கல் அன்று போனில் பேசியபோது வீட்டில் இருந்த கூட்டத்தில் பாதிப் பேச்சு காதில் விழவில்லை. ஆனால் நீங்கள் கேட்டது நன்றாகக் கேட்டது. “அங்க சம்பளத்துக்கு ஆடுறவன் எப்படிடா உழைக்கிறான், நம்ம பயலுகளுக்குச் சொல்லணும்” என்றீர்கள், நீங்கள் பயிற்சி கொடுக்கிற ஹாக்கிப் பையன்களை நினைத்து. அதைப் போனில் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். இங்கே ஒரு ஐஸ் ஹாக்கி அணியில் ஆட்டக்காரர்களின் உடுப்புகளைத் துவைத்துக் காயப்போடுவது, லாக்கர் ரூமைச் சுத்தம் செய்வது, ஆட்ட நாட்களில் மட்டை, ஸ்கேட்டெல்லாம் பார்க்கிற பெரியவருக்குக் கையாளாக நிற்பது. இந்த அணி ஆடுவது என்.எச்.எல். என்கிற பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே. பெரிய லீக்கில் இந்த 2024-25 சீசனுக்குக் குறைந்தபட்ச சம்பளமே 7,75,000 அமெரிக்க டாலர். எங்கள் ரூமில் இருப்பவர்களில் பலருக்கு அதில் ஒரு சிறு பகுதிதான். அதனால் எல்லோர் கண்ணும் மேலேயே இருக்கும். அணியின் பெயரையோ ஆட்களின் பெயரையோ எழுதவில்லை. என்னை வைத்துக்கொண்டு மனம்விட்டுப் பேசுகிறவர்கள், அந்த நம்பிக்கை போகக்கூடாது.

முதலில் உழைப்பு. ஆட்டம் 20 நிமிடம் வீதம் மூன்று பகுதி. ஐஸில் ஒரு அணிக்குக் கோல்கீப்பரையும் சேர்த்து ஆறு பேர். ஒருவன் இறங்கினால் 40, 45 விநாடிதான் இருப்பான். அதற்குள் உடம்பில் உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டு, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெஞ்சுக்கு வந்துவிட வேண்டும். அடுத்தவன் தடுப்பைத் தாண்டிக் குதிப்பான். உட்கார்ந்தவன் ஒரு நிமிடத்துக்குத் தலையைத் தூக்க மாட்டான், மூச்சு அப்படி வாங்கும். நம் ஊர் ஹாக்கியிலும் இப்போது அடிக்கடி ஆளை மாற்றுகிறோம், ஆனாலும் இந்த வேகம் வேறு.

இங்கே ஒன்றைக் கவனித்தேன். கோல் வாய்ப்பைத் தவறவிட்டவனை ரூமில் யாரும் திட்டுவதில்லை. தோளில் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். முறை முடிந்தும் வெளியே வராமல், ஒரு கோல் அடித்துவிடலாம் என்ற ஆசையில் உள்ளேயே சுற்றுகிறவன் மேல்தான் கோபம். அவன் கால் ஓய்ந்திருக்கும், பின்னால் ஓடிவந்து தடுக்க முடியாது, அடுத்தவனின் முறையையும் தின்றுவிடுவான். அதைத்தான் அவர்கள் சோம்பேறித்தனம் என்கிறார்கள். நம் பையன்களிலும் பந்தை விடாமல் கடைசி வரை உள்ளேயே நிற்கப் பார்க்கிற இரண்டு பேர் இருக்கிறார்களே, அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

வெளியே இருப்பவர்கள் சோம்பேறி என்று சொல்வது வேறு விஷயம். ஃபில் கெசல் என்று ஒருவர். 2009-இல் டொராண்டோ அணிக்கு வந்தார். உடம்பு கொஞ்சம் பருமன், பேட்டி கொடுப்பதில் விருப்பமில்லை, முகத்தில் எப்போதும் ஒரு அலுப்பு. டொராண்டோ 1967-க்குப் பிறகு, என்.எச்.எல். சாம்பியனுக்குக் கொடுக்கிற ஸ்டான்லி கோப்பையைத் தொடாத ஊர். அந்த ஆற்றாமையெல்லாம் இவர் மேல் விழுந்தது. தினமும் தெருக்கடையில் ஹாட்டாக் வாங்கித் தின்கிறார் என்றுகூடப் பத்திரிகையில் ஒரு பத்தி வந்தது. 2015-இல் பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே 2016, 2017 என்று அடுத்தடுத்து இரண்டு கோப்பை. ஜெயித்த ஒவ்வொருவரிடமும் கோப்பையைக் கொஞ்ச நேரம் கொடுத்துவைப்பது இங்கே வழக்கம். இவர் தன் முறை வந்தபோது கோப்பைக்குள் ஹாட்டாக்கைப் போட்டுத் தின்று படமும் எடுத்துக்கொண்டார்.

அதைவிடப் பெரிய விஷயம், 2009 நவம்பரில் தொடங்கி இந்த மனிதர் ஒரு லீக் ஆட்டம்கூட விடவில்லை. அந்த வருடங்களில் ஒரு சீசனுக்குப் பெரும்பாலும் 82 ஆட்டம். 2022 அக்டோபரில் தொடர்ச்சியாக 990-ஆவது ஆட்டம் ஆடி பழைய சாதனையை முறியடித்தார். 1,064-இல் போய் நின்றது. சோம்பேறி என்று பெயர் வாங்கியவர் வைத்திருக்கும் சாதனை இது! எங்கள் ரூமில் வயதான ஒருவர் இவரைப் பற்றிப் பேசும்போது, “நம்மை ஆடத்தானே எடுக்கிறார்கள், அவன் ஆடினான்” என்றார். எனக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறவனை மட்டுமே உழைப்பாளி என்று நினைக்கும் பழக்கம் பயிற்சியாளர்களிடம் நிறைய இருக்கிறது. உங்களிடம் அது இல்லை என்பது தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

வாழ்க்கை முறை எப்படி மாறியது என்பதும் சுவாரசியமான கதை. அந்தக் காலத்தில் கோடை முழுவதும் உடம்பைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்களாம், செப்டம்பர் முகாமுக்கு வந்துதான் எடையைக் குறைப்பார்களாம். மான்ட்ரியலின் கி லஃப்லூர், எழுபதுகளில் அதிகம் கோல் அடித்தவர்களில் ஒருவர், இரண்டு பகுதிகளுக்கு நடுவே சிகரெட் பிடித்துவிட்டுத்தான் திரும்ப இறங்குவாராம். 1972-இல் சோவியத் அணி வந்து மான்ட்ரியலிலேயே 7-3 என்று ஜெயித்தபோதுதான் கனடாக்காரர்களுக்கு உறைத்தது. எதிரே ஆடியவர்கள் வருடம் முழுக்கப் பயிற்சி செய்கிறவர்கள். எட்டு ஆட்டத் தொடரைக் கடைசி ஆட்டத்தின் கடைசி 34 விநாடியில் பால் ஹெண்டர்சன் அடித்த கோலால்தான் கனடா மீட்டது.

இப்போது நிலைமை தலைகீழ். கேரி ராபர்ட்ஸ் என்பவர் கழுத்துக் காயத்தால் 30 வயதில் ஓய்வு பெற்று, சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் மாற்றிக்கொண்டு திரும்பி வந்து நாற்பது வயதைத் தாண்டியும் ஆடினார். இன்று கோடையில் இளம் ஆட்டக்காரர்கள் அவரிடம் போய்ப் பயிற்சி எடுக்கிறார்கள். கொலராடோவின் நேதன் மெக்கினன் பாஸ்தாகூடக் கொண்டைக்கடலை மாவில் செய்ததுதான் தின்பாராம். எங்கள் ஆட்கள் அந்த அளவுக்கு இல்லை. காலையில் லேசாக ஒரு பயிற்சி, மதியம் கோழியும் பாஸ்தாவும், அதன் பிறகு இரண்டு மணி நேரத் தூக்கம். அந்தத் தூக்கத்தை யாரும் கெடுக்க முடியாது, மனைவி பிள்ளைகள்கூட அந்த நேரத்தில் போன் செய்வதில்லை. பையன்களை ஆட்டத்தன்று காலை முழுக்க வெயிலில் நிறுத்தாமல் தூங்க வைத்துப் பாருங்கள், பலன் தெரியும்.

எல்லோரும் ஆட்டத்தை உயிராக நினைக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். ஒரு பையன், 24 வயது இருக்கும், துணி எடுக்க வந்தபோது சொன்னான்: “எனக்குப் பாதி நாள் இது பிடிப்பதே இல்லை. நாலு வயதில் காலில் ஸ்கேட்டைக் கட்டிவிட்டார்கள், வேறு எதுவும் தெரியாது.” அவன்தான் பயிற்சியில் முதல் ஆளாக வருகிறவன். பிடிக்காத வேலையையும் இவ்வளவு ஒழுங்காகச் செய்ய முடிகிறதே என்று எனக்கு அவன் மேல் பெரிய மரியாதை வந்தது, கூடவே வருத்தமும்.

அப்புறம் லாக்கர் ரூம். கையுறைகளின் நாற்றத்தைப் பற்றி எழுதி உங்கள் சாப்பாட்டைக் கெடுக்க விரும்பவில்லை. தரை விரிப்பின் நடுவே அணியின் சின்னம் இருக்கும், அதை யாரும் மிதிக்கக்கூடாது. நான் துடைக்கும்போதுகூடச் சுற்றித்தான் போகிறேன். பயிற்சி முடிந்ததும் சிதறிக் கிடக்கும் பக்குகளை, அதாவது பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டுகளை, பொறுக்குவது புதுப் பையன்கள் வேலை. முதல் முறை பெரிய ஆட்டத்துக்கு இறங்குகிறவனை மற்றவர்கள் வாசலிலேயே நின்றுகொண்டு தனியாக ஐஸுக்கு அனுப்பிவிடுவார்கள். அவன் ஒரு சுற்று தனியாகச் சுற்றி வருவான், கூட்டமே பார்க்கும். இதெல்லாம் அன்போடு செய்வது.

அன்பில்லாததும் உண்டு. டொராண்டோவின் மைக் பேப்காக் என்ற பெரிய பயிற்சியாளர், 2016-17 சீசனில், மிட்ச் மார்னர் என்ற புதுப் பையனைக் கூப்பிட்டு, கூட ஆடுகிறவர்களில் யார் அதிகம் உழைக்கிறார்கள், யார் குறைவு என்று வரிசைப்படுத்தி எழுதச் சொன்னார். பையனும் பயந்து எழுதிக் கொடுத்தான். அதைப் போய் அடியில் இருந்தவர்களிடமே சொல்லிவிட்டார். 2019-இல் பேப்காக் வேலை போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 2023-இல் கொலம்பஸ் அணிக்கு வந்தவர், ஆட்டக்காரர்களின் போனில் உள்ள படங்களைக் காட்டச் சொன்னார் என்று பிரச்சினையாகி, ஒரு ஆட்டம்கூட நடத்தாமல் விலகினார். உழைப்பை அளக்கிறேன் என்று ஒரு பையனை மற்றவர்களுக்கு எதிரியாக்கினால் அந்த ரூமில் யார் யாருக்காக ஓடுவான்?

நிறத்தைப் பற்றி அம்மா கேட்டாராம். என்னை எல்லோரும் நன்றாகவே நடத்துகிறார்கள், அம்மா கவலைப்பட வேண்டாம். ஆனால் எல்லா ரூமும் அப்படி இருந்ததில்லை. நைஜீரியாவில் பிறந்த அகிம் அலியு, 2009-10 சீசனில் ராக்ஃபோர்டு அணியில் ஆடியபோது ரூமில் போட்ட பாட்டுக்காகப் பயிற்சியாளர் பில் பீட்டர்ஸ் தன்னை நிறத்தைச் சொல்லி இழிவாகப் பேசினார் என்று 2019-இல் வெளியே சொன்னார். அப்போது கால்கரி அணியில் இருந்த பீட்டர்ஸ் பதவி விலக வேண்டியதாயிற்று. பத்து வருடம் அதை மனதுக்குள் வைத்திருந்திருக்கிறார் அந்த மனிதர்.

இந்த மௌனம்தான் அண்ணா என்னை உறுத்துகிறது. நீங்கள் கேட்டதற்கு நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியதும் இதுதான். இங்கே வலியைச் சொல்லாதவன்தான் ஆண். 2013 அரையிறுதித் தொடரில் பாஸ்டனின் கிரெகரி கேம்பல், மல்கின் அடித்த பக்கைக் காலால் தடுத்தபோது கால் எலும்பு முறிந்தது. வெளியே வராமல் முறிந்த காலோடு ஒரு நிமிடம் போல நின்று தடுத்தார். அதே வருடம் இறுதித் தொடரில் அதே அணியின் பட்ரீஸ் பெர்ஜெரான் முறிந்த விலா எலும்போடு ஆடி, கடைசியில் நுரையீரலில் ஓட்டை விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். இதையெல்லாம் வீரக்கதையாகச் சொல்கிறார்கள். கேட்கும்போது எனக்கும் சிலிர்க்கத்தான் செய்கிறது.

ஆனால் நான் பார்ப்பது இப்படி இருக்கிறது. போன மாதம் ஒரு ஆட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, முப்பதைத் தாண்டிய ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். ஸ்கேட் கயிற்றை அவிழ்க்க முடியவில்லை. வலது மணிக்கட்டு புசுபுசுவென்று வீங்கி, விரல்கள் மடங்கவில்லை. நான் மண்டியிட்டு அவிழ்த்துவிட்டேன். “டாக்டரைக் கூப்பிடட்டுமா?” என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். “சொன்னால் மூன்று வாரம் உட்கார வைப்பார்கள். மேலே இருந்து கூப்பிட்டால் இன்னொருத்தன் போய்விடுவான். இது எனக்குக் கடைசி வருடம்.” அடுத்த ஆட்டத்தில் டேப்பைச் சுற்றிக்கொண்டு இறங்கினார். மட்டையைச் சரியாகப் பிடிக்க முடியாமல் இரண்டு பக்கை இழந்தார். அவர் ஏன் மெதுவாக இருக்கிறார் என்று அரங்கத்தில் கத்தினார்கள்.

இந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். சண்டைக்கென்றே அணியில் இருந்த டெரெக் பூகார்ட், வலி மாத்திரையும் மதுவும் கலந்து 2011-இல் 28 வயதில் இறந்தார். மூளையைச் சோதித்தபோது அடிபட்டு அடிபட்டு அது சிதைந்திருந்தது. 2010-இல் சிகாகோ அணியில் கைல் பீச் என்ற பையன், வீடியோ பயிற்சியாளர் தன்னைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார் என்று புகார் சொன்னார். கோப்பைக்கான ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தன என்று நிர்வாகம் மூன்று வாரம் அசையவில்லை. 2021-இல் விசாரணை அறிக்கை வந்த பிறகுதான் அணிக்கு 20 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. ராபின் லேனர் என்ற கோல்கீப்பர் 2018-இல் தன் குடியையும் மனநோயையும் தானே எழுதி வெளியிட்டார். அவர் பேரைச் சொன்னால் எங்கள் ரூமில் ஒரு நொடி எல்லோரும் அமைதியாவார்கள், பிறகு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஆனால் கேலி செய்வதில்லை. முன்பு கேலி செய்திருப்பார்கள் என்று பெரியவர் சொன்னார்.

அதனால் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். கணுக்கால் வீக்கத்தோடு ஒரு பையன் முழு ஆட்டமும் ஆடினான் என்று பெருமையாகச் சொன்னீர்களே, அவனை நாளைக்கே கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுங்கள். செலவு ஏதாவது ஆனால் நான் அனுப்புகிறேன். மற்ற பையன்கள் முன்னால் வைத்தே அவனிடம், வலித்தால் சொல், உன் இடம் போகாது என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அவன் நம்புவான். சொன்னபடி இடத்தையும் வைத்திருங்கள், அடுத்த ஆட்டத்தில் தோற்றாலும் பரவாயில்லை. லட்சுமி அம்மாள் கோப்பை ஹாக்கிப் போட்டிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

மட்டையில் சுற்றும் டேப் ஒரு பெட்டியும், பல் காப்பு கொஞ்சமும் வாங்கி வைத்திருக்கிறேன். மார்ச்சில் மதுரைக்கு வருகிற நண்பர் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன், அவர் நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பல் காப்பை வெந்நீரில் போட்டு எடுத்து, சூடு கொஞ்சம் ஆறியதும் கடிக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் அவரவர் பல்லுக்குப் பொருந்தும். அம்மாவின் கண் ஆபரேஷன் தேதி தெரிந்ததும் எழுதுங்கள். மதினிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு.

இப்படிக்கு
உங்கள் அன்புத் தம்பி