சொறி நாய் என்று விரட்டாத எங்கள் தெருவுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

அயனாவரத்தில் எங்கள் தெருமுனை டீக்கடைக்குப் பின்னால் பிறந்த நான்கு குட்டிகளும் அவற்றின் தாயும் இப்போது நன்றாக இருக்கின்றன. முடி கொட்டி, தோல் தடித்து, பக்கத்தில் போனாலே வாடை அடித்துக் கிடந்தவை இவைதான் என்று சொன்னால் இன்று பார்க்கிறவர்கள் நம்புவதில்லை. இதற்குக் காரணமானவர்களில் சிலருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது, எல்லோரையும் நேரில் பார்த்துச் சொல்லவும் முடியவில்லை, அதனால்தான் இந்த மடல். டாக்டர்கள் சொல்லித் தந்ததையும் கூடவே எழுதிவிடுகிறேன், வேறு தெருவில் யாருக்காவது பயன்படும்.

முதல் நன்றி டீக்கடை அண்ணனுக்கு. தாய் நாய் ராத்திரி முழுக்கத் தூங்காமல் சொறிந்துகொண்டே இருப்பதையும், குட்டிகள் பால் குடிப்பதைப் பாதியில் விட்டுவிட்டுக் காதைச் சொறிவதையும் முதலில் கவனித்தவர் அவர்தான். அந்த வாரத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்: வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயில், மண்ணெண்ணெய், கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய். எல்லாம் நல்ல மனதோடு சொன்னவைதான். ஆனால் "டாக்டர் பார்க்கிற வரைக்கும் யாரும் எதையும் தடவக் கூடாது" என்று அண்ணன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். அது எவ்வளவு பெரிய உதவி என்பது அப்புறம்தான் புரிந்தது. குட்டியின் உடம்பு சின்னது, தோல் மெல்லியது, தடவுவது தோல் வழியாகவும் உள்ளே போகும், நக்கி நக்கி வாய் வழியாகவும் போகும். கற்பூரம் நாய்களுக்கு நஞ்சு, வலிப்பு வரைக்கும் கொண்டுபோய்விடும். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்குவதோடு, நக்கும்போது நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

கால்நடை மருந்துக் கடை அக்காவுக்கும் அதே அளவு நன்றி. எங்களில் ஒருவர் போய் மாட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டின் என்ற பூச்சிக்கொல்லி ஊசி மருந்தைக் கேட்டபோது, டாக்டர் சீட்டு இல்லாமல், குட்டியின் எடையும் தெரியாமல் தரமாட்டேன் என்று மறுத்துவிட்டார். அளவு கொஞ்சம் கூடினாலும் அது மூளையையும் நரம்பையும் தாக்கும், குட்டிகளுக்கு இன்னும் ஆபத்து, கோலி (Collie) போன்ற சில இன நாய்களில் பலவற்றுக்குப் பிறவியிலேயே அந்த மருந்தைத் தாங்க முடியாது. விற்றிருந்தால் அவருக்கு நாலு காசு கிடைத்திருக்கும், அவர் விற்கவில்லை. மனிதர்களுக்கான அரிப்புக் களிம்பையும் வேண்டாம் என்றார். அதில் ஸ்டீராய்டு இருந்தால் அரிப்பு அடங்கின மாதிரி தெரியும், உடம்பின் எதிர்ப்பு சக்தி குறைந்து உள்ளே பூச்சி பெருகும்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எங்களை ஏற்றிக்கொண்டு போன ஆட்டோ அண்ணே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! சொறி பிடித்த நாயும் நான்கு குட்டிகளும் என்று தெரிந்தே சீட்டில் தார்பாய் விரித்து வைத்திருந்தீர்கள், காத்திருந்த நேரத்துக்குக் காசும் வாங்கவில்லை. இறங்கியதும் வண்டியை நன்றாகக் கழுவிவிடச் சொன்னோம், அதற்கும் முகம் சுளிக்கவில்லை.

அங்கே பார்த்த டாக்டரம்மாவுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும்தான் நான் அதிகம் கடமைப்பட்டிருக்கிறேன். 1903-இல் தொடங்கிய கல்லூரி அது, கூட்டத்துக்குக் குறைவே இல்லை, ஆனாலும் தெரு நாய்தானே என்று யாரும் அவசரப்படவில்லை. நாங்கள் எல்லாவற்றையும் சொறி என்ற ஒரே சொல்லில் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் ஒவ்வொரு குட்டியாகப் பார்த்து, ஒரே ஈற்றில் மூன்று விதமான பிரச்சினை இருப்பதைக் கண்டுபிடித்தார். தாய்க்கும் இரண்டு குட்டிகளுக்கும் காது ஓரம், முழங்கை, வயிறு என்று பொருக்குத் தட்டி, ஓயாத அரிப்பு. காது மடலின் ஓரத்தை விரலால் தேய்த்ததும் பின்னங்கால் தானாகச் சொறிவதுபோல ஆடியது. அது சார்காப்டிஸ் என்கிற பூச்சி, தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வேகமாகப் பரவும். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் பல தடவை இது கண்ணில் படாதாம், அறிகுறியை வைத்தே வைத்தியம் ஆரம்பிப்பதும் உண்டு என்றார்.

மூன்றாவது குட்டிக்குக் கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் முடி கொட்டியிருந்தது, ஆனால் அரிப்பே இல்லை. அங்கேதான் அந்தப் பயிற்சி மருத்துவத் தம்பி தோலை லேசாகப் பிதுக்கி, இரத்தம் துளிர்க்கும் அளவுக்கு பிளேடால் சுரண்டி எடுத்து, ஸ்லைடில் வைத்து என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். சுருட்டு மாதிரி நீளமாக, குட்டைக் கால்களோடு நெளிந்தது டெமோடெக்ஸ் என்கிற இன்னொரு பூச்சி. பிறந்த முதல் சில நாட்களில் பால் குடிக்கும்போது தாயிடமிருந்து குட்டிக்கு வருவது, மனிதர்களுக்குத் தொற்றாது, பெரும்பாலான நாய்களின் தோலில் தொந்தரவில்லாமல் இருப்பதுதான், எதிர்ப்பு சக்தி குறைந்த குட்டியில் பெருகிவிடுகிறது என்று பொறுமையாக விளக்கினார். இரண்டே இடத்தில் இருப்பதால் தானாகவே ஆறு முதல் எட்டு வாரத்தில் சரியாக வாய்ப்பு அதிகம், குடற்புழு நீக்கிச் சத்தான சாப்பாடு கொடுங்கள், பரவினால் மட்டும் மாத்திரை என்றார்கள். அவர் சொன்னபடியே முடி திரும்ப முளைத்துவிட்டது. தேவையில்லாத மருந்தை எழுதாத டாக்டர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

நான்காவது குட்டிக்கு அடிவயிற்றில் சீழ் வைத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள் மட்டும்தான். ஈரமும் அழுக்குமான இடத்தில் படுப்பதால் வருவது. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த நீரால் துடைத்துப் படுக்கையை உலர்வாக வைத்ததிலேயே போய்விட்டது.

அரிப்புப் பூச்சிக்கு ஆறு வாரம் தாண்டிய குட்டிகளுக்குத் தோலில் விடக்கூடிய செலமெக்டின் சொட்டு மருந்தை எடைக்கு ஏற்ற அளவில் கொடுத்தார்கள். ஒன்றை விட்டுவிட்டால் மற்றதற்குத் திரும்ப வரும் என்பதால் தாய்க்கும் நான்கு குட்டிகளுக்கும் சேர்த்தே போட்டோம். பூச்சியின் வாழ்க்கைச் சுற்று ஏறக்குறைய மூன்று வாரம், அதனால் அரிப்பு நின்ற பிறகும் சொன்ன தேதி வரை போடவேண்டும்.

இந்த நேரத்தில்தான் தெருவில் சிலருக்குக் கையிலும் வயிற்றிலும் சிவப்புத் தடிப்பு வந்தது. நாயைத் துரத்திவிடுங்கள் என்று பேச்சு எழுந்திருந்தால் அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தடிப்பு வந்த வீட்டுக்காரர்களே தோல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, நாய்ப் பூச்சி மனித உடம்பில் பெருகாதாம், நாய்க்குச் சரியானால் நமக்கும் சரியாகிவிடுமாம் என்று மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். அந்தக் குடும்பத்துக்கு நான் வாழ்நாள் முழுக்க நன்றியோடு இருப்பேன். பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்து, மாற்றி மாற்றி விரிக்கக் கொடுத்து, அழுக்கானதை வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போட்ட பாட்டிம்மாவுக்கும், பழைய கோணிகளை அள்ளிக்கொண்டு போன தூய்மைப் பணியாளர் அக்காவுக்கும் என் வணக்கம்.

மூன்று குட்டிகளுக்கு வீடு கிடைத்துவிட்டது. டெமோடெக்ஸ் வந்த குட்டியை எடுத்துக்கொண்ட குடும்பத்துக்கு ஒரு வேண்டுகோள்: டாக்டர் சொன்ன தேதியில் மறுபடி ஒரு தடவை மருத்துவமனையில் தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள், இந்தக் குறை வம்சத்தில் தொடரக்கூடும் என்பதால் வயது வந்ததும் கருத்தடை செய்துவிடுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மூன்று மாதம் ஆனதும் எல்லாக் குட்டிகளுக்கும் போடவேண்டும்.

தாய் நாய்க்குப் பால் வற்றியதும் மாநகராட்சி கருத்தடை மையத்துக்கு அனுப்பப் போகிறோம். 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி பிடித்த இடத்திலேயே திரும்பக் கொண்டுவந்து விடவேண்டும், அதனால் அது எங்கேயோ போய்விடும் என்று பிள்ளைகள் பயப்பட வேண்டாம். அறுவை முடிந்து வந்ததும் சில நாள் யாராவது சாப்பாடு வைத்துத் தையலைக் கவனிக்க வேண்டியிருக்கும். முடிந்தவர்கள் டீக்கடை அண்ணனிடம் பெயர் கொடுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
தெருவின் கடைசி வீட்டிலிருந்து