சுற்றுலா பாஸ் வாங்குமுன் ஒரு கூட்டல் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் பயணப் பக்கத்தில், வெளிநாட்டு நகரங்களில் விற்கப்படும் சுற்றுலா பாஸ்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையையும், அதைப் படித்துவிட்டு 'வேலூருக்கும் இப்படியொரு பாஸ் வேண்டும்' என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தையும் படித்தேன். ஒரே அட்டையைக் காட்டி ஊரிலுள்ள அத்தனை இடங்களுக்குள்ளும் போய்வரலாம், தனித்தனியாகச் சீட்டு வாங்குவதைவிடப் பாதிப் பணம் மிச்சமாகும் என்பது கட்டுரையின் சாரம். கருவூல அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் அடுத்தவர் போட்ட பட்டியல்களைக் கூட்டிச் சரிபார்த்தே ஓய்வுபெற்றவன் நான். 'பாதி மிச்சம்' என்று யாராவது சொன்னால், எதில் பாதி என்று கேட்காமல் இருக்க முடிவதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒருமுறை நானே ஏமாந்திருக்கிறேன்.

என் மகள் லண்டனில் ஈஸ்ட்ஹாம் பகுதியில் குடியிருக்கிறாள். 2018-இல் நானும் என் மனைவியும் முதன்முறையாக அங்கே சென்றபோது, விமானச் சீட்டு எடுத்துக்கொடுத்த வேலூர் டிராவல்ஸ் ஒன்றில், "கையோடு பாஸும் வாங்கிவிடுங்கள் சார், அங்கே போய் வரிசையில் நிற்க வேண்டாம்" என்று மூன்று நாள் பாஸ் இரண்டைத் தலையில் கட்டினார்கள். அவர்கள் நீட்டிய வண்ணத் தாளில் எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களின் பெயர்கள் இருந்தன. எழுபதையும் மூன்றால் வகுத்தால் நாளொன்றுக்கு இருபத்து மூன்று இடங்கள் வருகின்றனவே, இதை யாரால் பார்க்க முடியும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பட்டியலின் நீளத்தைப் பார்த்து மயங்கினேன் என்பதே உண்மை.

மருமகனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை என்பதால் அன்றைக்கே தொடங்கினோம். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வழிபாடு மட்டுமே உண்டு, சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு அனுமதியில்லை என்பது தெரிந்தது. செயின்ட் பால் தேவாலயத்திலும் அதே வழக்கம்தான். அன்று பிற்பகல் மூன்று மணிக்குத் தேம்ஸ் நதியில் படகு ஏறினோம். அதில் பாஸைக் காட்டிய கணமே முதல் நாள் கணக்கில் ஏறிவிட்டது. நாங்கள் வாங்கியது நாட்காட்டி நாளைக் கொண்டு எண்ணும் பாஸ். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினாலும் மாலை நான்கு மணிக்குத் தொடங்கினாலும் அது ஒரு நாள்தான்.

இரண்டாம் நாள் முழுவதும் டவர் ஆஃப் லண்டன் என்னும் கோட்டையிலேயே கழிந்தது. வரிசையில் நிற்க வேண்டாம் என்றார்களே தவிர, பை சோதிக்கும் வரிசையையும், உள்ளே அரச நகைகளைப் பார்க்க நிற்கும் வரிசையையும் எந்த பாஸும் தாண்டவைக்காது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டோம். கோகினூர் வைரம் பதித்த கிரீடத்தின் முன்னால் யாரும் நின்றுவிடாதபடி நகரும் தரை போட்டிருக்கிறார்கள். "திருப்பதியில் ஆள் நின்று ஜருகண்டி சொல்கிறான், இங்கே தரையே சொல்கிறது" என்று முணுமுணுத்துக்கொண்டே என் மனைவி திரும்பிப் போய் அதே தரையில் மூன்று முறை ஏறி இறங்கினாள். அந்த முக்கால் மணி நேரத்தை நான் வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் பாஸ் வைத்திருந்த குற்றத்துக்காக, அடுத்த இடத்துக்கு நேரமாகிறதே என்று நான்தான் அவளை அவசரப்படுத்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை அபே, பிற்பகல் செயின்ட் பால். அங்கே குவிமாடத்துக்கு ஏறும் படிகளைக் கீழிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினோம். இருவருக்கும் முழங்கால் வலி.

ஊர் திரும்பியதும் நான்கு இடங்களின் வாயில் கட்டணத்தையும் ஒரு கல்யாணப் பத்திரிகை உறையின் பின்பக்கத்தில் எழுதிக் கூட்டினேன். பாஸுக்குக் கொடுத்த தொகையில் ஐந்தில் மூன்று பங்குகூடத் தேறவில்லை. இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. அந்த இடங்களில் பலவற்றில் 65 வயது நிரம்பியவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு; நாங்கள் வாங்கிய பாஸிலோ பெரியவர், சிறுவர் என்று இரண்டே விலை. 'இவ்வளவு மிச்சம்' என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அது முழுக் கட்டணத்தோடு ஒப்பிட்ட மிச்சம். முழுக் கட்டணம் கட்டவே தேவையில்லாத கிழவனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதும் வாசகர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாம் ஓர் இடத்துக்குள் நுழைந்தால்தான் பாஸ் நிறுவனம் அந்த இடத்துக்குப் பேசிவைத்த தொகையைக் கொடுக்கும். நுழையாமல் விட்டால் அந்தப் பணம் அதனிடமே தங்கிவிடும். நம்மூர் மெஸ்களில் மாத டோக்கன் வாங்கிய பையன்கள் வெள்ளிக்கிழமை மாலையே ரயிலேறி ஊருக்குப் போய்விட்டால், சனி ஞாயிறு சோறு மெஸ்காரருக்கு மிச்சம் அல்லவா, அதே சங்கதிதான். மெஸ்காரரைக் குறைசொல்ல முடியாது. வாரத்தில் எத்தனை நாள் ஊரில் இருப்போம் என்று டோக்கன் வாங்குகிறவன்தான் எண்ணிப்பார்க்க வேண்டும்.

2023-இல் மறுபடியும் போனபோது பாஸ் வாங்கவில்லை. லண்டனின் தேசிய அருங்காட்சியகங்களில் நிரந்தரக் காட்சிகளுக்கு 2001 டிசம்பரிலிருந்து கட்டணமே கிடையாது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம், தேசிய ஓவியக்கூடம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகம் எல்லாவற்றுக்குள்ளும் சும்மாவே நுழையலாம். ஈஸ்ட்ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் ஏறினால் சவுத் கென்சிங்டனில் இறங்கி விக்டோரியா அண்டு ஆல்பர்ட்டுக்கு நடந்தே போய்விடலாம். அங்கே திப்புவின் புலியைப் பார்த்தோம். ஐரோப்பியன் ஒருவனைக் கீழே தள்ளி அவன் கழுத்தின்மேல் வாய்வைத்திருக்கும் மரப்புலி; கைப்பிடியைச் சுழற்றினால் உறுமலும் முனகலும் எழும்படி உள்ளே குழாய்கள் வைத்துச் செய்தது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது புலி லண்டனுக்குப் போயிற்று, திப்புவின் குடும்பம் வேலூர்க் கோட்டைக்கு வந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1806 ஜூலை 10 அன்று, அந்தக் கோட்டையில்தான் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். மாலையில் கோட்டை அகழியோரம் நடந்து பழகிய எனக்கு லண்டனில் பார்த்தே தீரவேண்டிய பொருள் ஒன்று உண்டென்றால் அது அந்தப் புலிதான். 2018-இல் கையில் பாஸ் இருந்த காரணத்தாலேயே அதைப் பார்க்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய மூன்று நாளும் போக மீதி இருந்தது குளிரும் கால்வலியும்தான். இலவசமான இடத்துக்குப் போனால் பாஸ் வீணாகிறதே என்ற நினைப்பு வந்து மனிதனை ஆட்டிவைக்கும்.

ஊரைச் சுற்றிப்பார்க்கத் தனிப் பேருந்தும் அங்கே வேண்டியதில்லை. டவர் கோட்டையருகே 15-ஆம் எண் மாடிப் பேருந்தில் ஏறி மேல்தட்டின் முன்னிருக்கையைப் பிடித்தால், செயின்ட் பால் வழியாக டிரஃபால்கர் சதுக்கம்வரை சாதாரணக் கட்டணத்திலேயே போகலாம்.

இதையெல்லாம் சொல்வதால், பாஸ் என்றாலே ஏமாற்று வேலை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலை நிமித்தமாகப் பாரிஸுக்குப் போன என் அண்ணன் மகன், அங்கே வார இறுதியில் 48 மணி நேர மியூசியம் பாஸ் வாங்கலாமா என்று என்னைக் கேட்டான். பாஸே இல்லாவிட்டாலும் சீட்டு வாங்கிப் போயே தீருவாய் என்ற இடங்களை மட்டும் ஒரு தாளில் எழுது, ஒவ்வொன்றுக்கும் நேராக உன் வயதுக்கு வாயிலில் வாங்கும் கட்டணம், வார விடுமுறை, உள்ளே ஆகும் நேரம் மூன்றையும் குறி என்றேன். லூவர் செவ்வாய்க்கிழமை மூடல், ஓர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் திங்கட்கிழமை மூடல் என்று தாள் சொன்னது. சனி ஞாயிறில் லூவர், ஓர்சே, ஒராஞ்சரி, சாந்த் ஷாப்பெல் தேவாலயம், வெற்றி வளைவு என்று ஐந்தையும் பார்த்தான். கூட்டிப் பார்த்ததில் தனிச்சீட்டுகளைவிட பாஸ் மலிவாகத்தான் முடிந்தது. அவனுக்கு வயது இருபத்தெட்டு, ஓவியப் பைத்தியம், மதியம் ஒரு ரொட்டியோடு நாளை ஓட்டிவிடுவான். அப்படியும் லூவருக்கு நேரத்தை முன்பதிவு செய்தே ஆகவேண்டியிருந்தது. ஈபெல் கோபுரம் அந்த பாஸில் சேராததால் தனியாகச் சீட்டு வாங்கினான். அதே பாரிஸில் லூவர் உள்ளிட்ட பெரிய அருங்காட்சியகங்களில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை. குடும்பத்தோடு போகிறவர் பிள்ளைகளுக்கும் சேர்த்து பாஸ் வாங்கினால் அந்தப் பணம் ஆற்றில் போட்டதற்குச் சமம்.

நம் பக்கத்திலிருந்து மிகுதியாகப் போகும் சிங்கப்பூருக்கும் இதே தாள் போதும். மெர்லயன் சிலை, தாவரவியல் பூங்கா, கார்டன்ஸ் பை தி பேயின் வெளித்தோட்டம், லிட்டில் இந்தியாவின் வீரமாகாளியம்மன் கோயில் எதற்கும் சீட்டு இல்லை. யுனிவர்சல் ஸ்டூடியோஸுக்குச் சீட்டு உண்டு என்றாலும் அது ஒன்றே ஒரு பகலை விழுங்கிவிடும். ஒரு நாளில் ஓரிடம் பார்க்கிறவருக்குப் பல இடங்களின் பாஸ் எதற்கு?

நம் நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் மாமல்லபுரம். கடற்கரைக் கோயிலுக்கு வாங்கும் தொல்லியல் துறைச் சீட்டே அன்றைக்கு ஐந்து ரதங்களுக்கும் செல்லும். பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சீட்டே வேண்டாம். இரண்டும் அருகருகே இருக்கின்றன, வருகிறவர் எப்படியும் இரண்டையும் பார்ப்பார், ஆகவே யாருக்கும் நட்டமில்லை.

இனி, வேலூருக்கு ஒரு பாஸ் வேண்டும் என்ற வாசகரின் யோசனைக்கு வருகிறேன். எதற்கு நுழைவதற்கு அந்த பாஸ்? கோட்டைக்குள் நுழையக் கட்டணமில்லை. உள்ளே ஜலகண்டேசுவரரைத் தரிசிக்கவும் கட்டணமில்லை. திருமலைக்கோடி ஸ்ரீபுரம் பொற்கோயிலில் பொதுத் தரிசனம் இலவசம். மிஞ்சுவது அருங்காட்சியகச் சீட்டு. அது ஒரு டீக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும், வெள்ளிக்கிழமையானால் கதவும் திறக்காது. ஏலகிரிக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிறவரும், காவலூர் வானாய்வகத்தைப் பார்க்கச் சனிக்கிழமைக்குக் காத்திருக்கிறவரும் ஒரே நாளில் ஸ்ரீபுரத்துக்கும் போய்வர மாட்டார்கள். அங்கே நட்சத்திர வடிவப் பாதையில் நடந்து முடிக்கவே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். இலவசமான இடங்களையெல்லாம் கட்டிப்போட்டு அதற்கொரு விலை வைப்பதை எங்கள் அலுவலகத்தில் வேறு பெயரிட்டுச் சொல்வோம்.

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். காந்தி ரோட்டில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை தொங்கும் விடுதிகளில் தங்கியிருப்பவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளும் அவர்களுக்குத் துணையாக வந்தவர்களும்தான். இன்று ரத்தம் கொடுத்தால் நாளை மறுநாள் முடிவு என்று நடுவில் கிடைக்கும் ஒரு பிற்பகலில் அவர்கள் வெளியே வருகிறார்கள். சென்ற மாதம் கோட்டை வாசலில், மருந்துச் சீட்டுகள் அடங்கிய பிளாஸ்டிக் உறையை மார்போடு அணைத்தபடி ஒரு தம்பதி, ஸ்ரீபுரத்துக்கு ஆட்டோக்காரர் கேட்ட தொகை நியாயமா என்று என்னிடம் அரைகுறை இந்தியில் விசாரித்தார்கள். நியாயமில்லைதான். பேருந்து நிலையத்துக்கு வழிகாட்டினேன். ஆனால் எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று தமிழ் தெரியாதவர் படித்தறிய அங்கே பலகை ஏதும் இருந்ததா என்பது எனக்கே நினைவில்லை. இவர்களுக்கு வேண்டியது காட்பாடி ரயில் நிலையம், கோட்டை, ஸ்ரீபுரம் மூன்றையும் சுற்றிவரும் ஒரு பேருந்தும், நாள் முழுவதும் அதில் ஏறி இறங்க ஒரே சீட்டும்தான். அதை பாஸ் என்று அழைத்தாலும் எனக்கு மறுப்பில்லை.

தங்கள் பயணப் பக்கத்தில் இனி எந்த ஊரின் பாஸைப் பற்றி எழுதினாலும், அதில் சேராத இடங்கள், வார விடுமுறை, முதியோருக்கும் பிள்ளைகளுக்கும் வாயிலில் உள்ள கட்டணம், பாஸ் நாளைக் கொண்டு எண்ணப்படுகிறதா மணியைக் கொண்டு எண்ணப்படுகிறதா என்ற விவரங்களையும் கட்டுரையோடு சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பள்ளித் தேர்வுகள் முடியும் முன்பே வெளியிட்டால், கோடை விடுமுறைக்குப் பணம் கட்டப்போகிறவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவூலக் கணக்கர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.