கறுப்புத் திரை வந்தால் பயப்பட வேண்டாம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு சாயங்காலம். சுங்கை சிப்புட்டில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. எல்பில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து, கோயில் கணக்கு பார்க்கும் பெரியவர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். முன்னால் குப்பைப் பையில் சுற்றிய சிபியு. "தம்பி, நேத்துத்தானே செஞ்சு கொடுத்தீங்க? அதுக்குள்ள செத்துப் போச்சே. ஒரே கறுப்பு, மேல மூலையில ரெண்டு வரி எழுத்து, அவ்வளவுதான்" என்றார்.

மாட்டிப் பார்த்தேன். மெஷினுக்கு ஒன்றுமில்லை. நாங்கள் அமைத்துக் கொடுத்தபடியேதான் இருந்தது. அமைத்ததை அவரிடம் சொல்லாமல் அனுப்பியதுதான் தப்பு, அது எங்கள் தப்பு. அவருக்கு ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன். அதற்குப் பிறகும் மூன்று பேர் இதே புகாரோடு வந்துவிட்டார்கள். அதனால்தான் இந்த மடல்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துபோனது உங்களுக்குத் தெரியும். பழைய மெஷின்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது; அது கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய பிராசசரும் அவற்றில் இல்லை. நல்லா ஓடுகிற பெட்டியைத் தூக்கிப்போட யாருக்கு மனசு வரும்? அதனால் அவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் 12 என்ற லினக்ஸ் வகை இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தோம். அதில் சில பெட்டிகளுக்கு முன்னால் யாரும் உட்கார்ந்து வேலை செய்வதே கிடையாது. டியூஷன் சென்டரில் பாடத்தாள்களை வைத்திருக்கும் பெட்டி, கோயில் ஆபீஸில் பிரிண்டரைப் பகிர்ந்து கொடுக்கும் பெட்டி, இந்த மாதிரி. மூலையில் கிடந்து சும்மா ஓடும் பெட்டிக்குப் படமும் ஐகானும் வரும் டெஸ்க்டாப் எதற்கு? அதனால் அவை வெறும் எழுத்துத் திரையோடு நிற்கும்படி அமைத்தோம். டெஸ்க்டாப் இருந்தால் 2 ஜிகாபைட் நினைவகம், இல்லாவிட்டால் 512 மெகாபைட் என்று டெபியன் 12-இன் கையேடே பரிந்துரைக்கிறது. பெரியவரின் பெட்டியில் இருந்தது மொத்தமே 1 ஜிகாபைட்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? பவரைத் தட்டியதும் முதலில் இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னல் ஏறும். பிறகு சிஸ்டம்டி என்ற நிரல் நெட்வொர்க், பிரிண்டர் என்று சேவைகளை எழுப்பிக்கொண்டே போகும். எங்கே போய் நிற்க வேண்டும் என்று அதற்கு ஓர் இலக்கைச் சொல்லி வைத்திருப்போம். ஈப்போவிலிருந்து ரயில் ஏறினால் சுங்கை சிப்புட் வந்த பிறகுதானே கோலகங்சார்? எழுத்துத் திரை நமக்குச் சுங்கை சிப்புட், டெஸ்க்டாப் கோலகங்சார். ரயிலை இங்கேயே நிற்கச் சொல்லியிருக்கிறோம். தண்டவாளத்தை யாரும் பிடுங்கவில்லை. டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்கிலேயே இருக்கிறது, அது தானாகக் கிளம்புவதில்லை, அவ்வளவுதான்.

திரையில் 'லாகின்' என்று வந்தால் பெயரைத் தட்டி என்டர், பிறகு கடவுச்சொல். இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். கடவுச்சொல் தட்டும்போது திரையில் எதுவுமே தெரியாது, ஒரு புள்ளிகூட வராது. கீபோர்டு கெட்டுப்போகவில்லை, அது அப்படித்தான். கேப்ஸ்லாக் விளக்கு அணைந்திருக்கிறதா, வலப்பக்க எண்களைத் தட்டுகிறவர்கள் நம்லாக் விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் வேண்டுமென்றால் மஞ்சள் சீட்டைப் பாருங்கள். மூன்று கட்டளைகளை ஆங்கில எழுத்தில் அச்சடித்துச் சிபியுவின் பக்கவாட்டில் ஒட்டுகிறோம். முதலாவது இந்த ஒரு தடவைக்கு மட்டும் டெஸ்க்டாப்பைக் கொண்டுவரும். இரண்டாவதைத் தட்டினால் அடுத்த தடவை பவர் போட்டதிலிருந்து எப்போதும் டெஸ்க்டாப்தான். மூன்றாவது மறுபடியும் எழுத்துத் திரைக்கே மாற்றிவிடும். இடைவெளி, புள்ளி எல்லாம் சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

பெரியவரிடம் இதைக் காட்டியபோது சிரித்துவிட்டார். பழைய கிராணி அவர். "ஆபீஸ்ல முதல்ல வந்த கம்ப்யூட்டர்லயும் 'வின்'னு தட்டினாத்தானே தம்பி விண்டோஸ் வரும்?" என்றார். டாஸ் என்ற பழைய எழுத்துத் திரை இயங்குதளத்தின் மேல் விண்டோஸ் 3.1 ஓடிய காலத்தைச் சொல்கிறார். நான் அரைமணி நேரம் விளக்கியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

எப்போதும் டெஸ்க்டாப்போடு ஓடும் டெபியன் மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு விஷயம். அப்டேட்டுக்குப் பிறகு படம் வராமல் சிக்கிக்கொண்டால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பெரும்பாலும் எழுத்துத் திரை வந்துவிடும். அங்கிருந்து உங்கள் ஃபைல்களைப் பென்டிரைவில் எடுத்துவிடலாம். அப்புறம் எங்களைக் கூப்பிடுங்கள்.

வீட்டில் பிள்ளைகள் படிக்கும் மெஷினுக்கு இந்த அமைப்பைக் கேட்காதீர்கள். கேட்டாலும் செய்து தரமாட்டோம். தினமும் பிரவுசர் திறக்கிற இடத்தில் இது வெறும் தொல்லை.

அணைக்கும்போது பிளக்கைப் பிடுங்க வேண்டாம். எழுத்துத் திரையில் நிற்கும் பெட்டியில் பவர் பட்டனை ஒரே ஒரு தடவை லேசாகத் தட்டிவிட்டுக் காத்திருந்தால் ஒழுங்காக அணைந்துவிடும். அழுத்திப் பிடித்தால்தான் ஆபத்து. இடி இடிக்கும் நாட்களில் அணைத்த பிறகு பிளக்கையும் கழற்றி வையுங்கள். நம் ஊர் மின்னலுக்கு எந்த அமைப்பும் தாங்காது.

மஞ்சள் சீட்டு இல்லாதவர்கள் கடைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம். மெஷினைத் தூக்கி வர வேண்டாம், நீங்கள் மட்டும் வந்தால் போதும்.

அன்புடன்,
கடைக்காரர்