கீழே இறங்கி வா, பாப்பா

பாப்பாவுக்கு,

நேற்றும் நீ போனை எடுக்கவில்லை. மதியச் சாப்பாட்டிலிருந்து பால் மாவு வரை எல்லாம் வாசலுக்கே வந்துவிடுகிறதாமே, மாப்பிள்ளை சொன்னார். அப்புறம் நீ எப்போதுதான் கீழே இறங்குகிறாய்?

இந்தச் சிங்கப்பூரில் யார் கையையும் எதிர்பார்க்காமல் இரண்டு பேரும் தெங்கா புது நகரில் வீடு எடுத்தீர்களே, தேக்கா சந்தையில் நான் சொல்லாத ஆள் இல்லை. 100 மீட்டர் அகலத்துக்குக் காட்டுப் பாதையே விடுகிறார்கள் அங்கே. அதைப் பதினாலாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதுமா?

அப்பாவுக்கு நெஞ்சு ஆபரேஷன் ஆன வருஷம் நினைவிருக்கும். நம் புளோக்கில் லிஃப்ட் ஐந்திலும் ஒன்பதிலும்தான் நிற்கும், நாம் ஏழில். புண் ஆறிவிட்டது, படிதான் அவரைக் கட்டிப்போட்டது. பேச்சு குறைந்தது, சாப்பாடு குறைந்தது. 2001-க்குப் பிறகு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஒவ்வொரு புளோக்காக எல்லா மாடியிலும் லிஃப்டை நிற்க வைத்தது. நம் முறை வந்ததும் மனுஷன் காலையிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கோப்பிக் கடையில் ஒரு கோப்பி ஓ, பிறகு கீழ்த்தளக் கல்மேசையில் 'தாம்' காய் ஆட்டம். ஒருநாள் காணோமென்றால் அந்தச் சீனத் தாத்தா மேலே வந்து கதவைத் தட்டுவார். மாத்திரை அதே மாத்திரைதான், ஆள்தான் வேறு ஆளாகிவிட்டார்.

எனக்கும் அப்படித்தான். சிக்னலில் முதியோர் அட்டையைத் தட்டினால், இடத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடி வரை பச்சை கூடுதலாக எரிகிறது. அதை நம்பித்தான் இந்த முட்டியோடு சந்தைக்குப் போகிறேன். கம்போங் அட்மிரல்டி அடுக்குமாடி வளாகத்தில் பிள்ளைகள் நிலையத்தையும் முதியோர் நிலையத்தையும் ஒன்றாக வைத்தது சும்மாவா? ஆள் முகம் பார்க்கத்தானே!

உன் பக்கத்து வீட்டுக்காரி பேராவது தெரியுமா உனக்கு? எதிர்வீட்டு மலாய் மக்சிக் இல்லாமலா நீ வளர்ந்தாய்?

பெரியத்தை சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே. உன் குரல் முன்போல இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் குட்டியைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு இறங்கு, அவ்வளவுதான். பலதுறை மருந்தகத்தில் குட்டிக்கு ஊசி போடும்போது உன்னைப் பற்றியும் விசாரித்தால், நன்றாக இருக்கிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வராதே. தூக்கம், அழுகை, எல்லாம் சொல்லு.

சனிக்கிழமை சுறாப்புட்டு செய்துகொண்டு பதினோரு மணிக்கு வருகிறேன். பஸ் நிறுத்தத்துக்குக் குட்டியோடு நீயே வா, மாப்பிள்ளையை அனுப்பாதே.

அம்மா